தெருவில் பிறந்த தாளம் – 31: வாசலில் நின்ற பாட்டு

போன வாரம் கதையை 2003இல் நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி போனால் இன்று 2004இல் தொடங்கவேண்டும். ஆனால் இந்த அத்தியாயத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபோது, நமக்கு மிக அருகில் இருக்கும் ஒரு வாரம்தான் கண்முன் வந்து நின்றது. அங்கிருந்தே பின்னோக்கிப் போகலாம்.

அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வாரம்தோறும் ‘ஹாட் 100’ என்ற பட்டியலை வெளியிடும். நாட்டில் அந்த வாரம் அதிகம் கேட்கப்பட்ட, வாங்கப்பட்ட, வானொலியில் ஒலித்த நூறு பாட்டுகள் அதில் வரிசையாக இருக்கும். 2025 அக்டோபர் 25 தேதியிட்ட பட்டியலில் முதல் நாற்பது இடங்களுக்குள் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. லூசியானாவைச் சேர்ந்த யங்பாய் நெவர் புரோக் அகெய்ன் பாடிய ‘ஷாட் காலின்’ 44ஆம் இடத்தில் இருந்தது. ராப்பில் அந்த வாரம் எட்டிய உயரம் அவ்வளவுதான். இதற்கு முன்பு நாற்பதுக்குள் ராப்பே இல்லாத வாரம் 1990 பிப்ரவரித் தொடக்கத்தில் வந்தது. நடுவில் 35 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அந்த 1990 வாரத்தில் ஒரு பாட்டு சரியாக 41ஆம் இடத்தில், வாசலில் நின்றுகொண்டிருந்தது. பிஸ் மார்க்கியின் ‘ஜஸ்ட் எ ஃபிரெண்ட்’. இந்த மனிதரைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன். ஹார்லெமில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்தவர். கனத்த உடம்பு, குழந்தை முகம், வாயாலேயே தாளம் போடுவதில் மன்னன். ‘ஜஸ்ட் எ ஃபிரெண்ட்’ ஏமாந்துபோன காதலன் ஒருவனின் புலம்பல். அதன் பல்லவி 1968இல் ஃபிரெடி ஸ்காட் பாடிய பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தப் பகுதியைப் பாடச் சிலரைக் கேட்டிருந்ததாகவும், யாரும் ஸ்டுடியோவுக்கு வராததால் தானே பாடிவிட்டதாகவும் பிஸ் பின்னாளில் சொன்னார். சுருதி சேராத குரல்தான். ஆனால் மனம் உடைந்தவன் எப்படிப் பாடுவானோ அப்படியே இருந்தது. அடுத்த வாரமே பாட்டு நாற்பதுக்குள் நுழைந்தது. மார்ச்சில் ஒன்பதாம் இடம்வரை ஏறியது.

அதற்கு அடுத்த வருடமே அவர்மீது இடி விழுந்தது. கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு துண்டை அனுமதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்தியதற்காக வழக்கு வந்தது. 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் பிஸ் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுவது ராப்பின் உயிர்நாடி. அன்றுமுதல் ஒவ்வொரு துண்டுக்கும் விலை கொடுக்கவேண்டியதாயிற்று. கையில் காசில்லாத பையன்கள் எதைக் கொண்டு இசை செய்தார்களோ, அது காசு இருப்பவர்களுக்கு மட்டும் என்றானது. 1993இல் வந்த தன் அடுத்த ஆல்பத்துக்கு பிஸ் வைத்த பெயரே, எல்லாத் துண்டுகளுக்கும் அனுமதி வாங்கியாயிற்று என்று அறிவிக்கும் பெயர்.

இங்கே ஒரு கேள்வி. 1990இல் முதல் நாற்பதுக்குள் ராப் இல்லை என்றால், அமெரிக்காவில் அதை யாரும் கேட்கவில்லை என்று பொருளா? இல்லை. கார்களிலும் தெருமுனைகளிலும் கேசட் கேசட்டாக ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு தராசில் இருந்தது. அந்நாளில் எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்று கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் பட்டியல் தயாரித்தார்கள். கடைக்காரர் ஞாபகத்தில் இருந்ததைச் சொல்வார். சில சமயம் தனக்குப் பிடித்ததைச் சொல்வார். வெள்ளைக்கார நடுத்தர வர்க்கம் வாங்கிய ராக் இசை ஞாபகத்தில் இருக்கும். கறுப்பினப் பையன்கள் வாங்கிய ராப்பும் தென்மாநிலத்துக் கிராமத்தார் வாங்கிய கன்ட்ரி இசையும் மறந்துபோகும். 1991 மே 25 தேதியிட்ட ஆல்பப் பட்டியலிலிருந்து இது மாறியது. கடைக் கல்லாவில் பார்கோடு படிக்கும் கருவியின் கணக்கையே நேரடியாக எடுத்துக்கொள்ளும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. ஒரு மாதத்துக்குள், வானொலி ஒதுக்கிவைத்திருந்த காம்ப்டன் நகரத்து என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் இரண்டாம் இடத்தில் நுழைந்து மறுவாரம் முதலிடத்தைப் பிடித்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி ஆல்பம் நேரடியாக முதலிடத்திலேயே இறங்கியது. ஒரே கருவி ராப்பையும் கன்ட்ரியையும் ஒன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இந்த இரட்டைப் பிறப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கன்ட்ரி இந்தக் கதைக்குள் மறுபடியும் வரும்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் ஏற்றத்தைச் சென்ற அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்தோம். இரண்டு எண்களை மட்டும் திரும்பச் சொல்கிறேன். 2000 மே மாதம் வந்த எமினெமின் ‘தி மார்ஷல் மேத்தர்ஸ் எல்பி’ முதல் வாரத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் பிரதிகள் விற்றது. 2003இல் 50 சென்டின் முதல் பெரிய ஆல்பம் முதல் வாரத்தில் 8 லட்சத்து 72 ஆயிரம் விற்றது. அதே வருடம் அக்டோபரில் ஹாட் 100இன் முதல் பத்து இடங்களும் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளாலேயே நிறைந்தன. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

இனி இறக்கம்.

2005க்கும் 2006க்கும் இடையே ராப் ஆல்பங்களின் விற்பனை 21 சதவீதம் சரிந்தது. 2006இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற பத்து ஆல்பங்களில் ஒன்றுகூட ராப் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. சி.டி. விற்பனை எல்லா இசைக்கும் சரிந்துகொண்டுதான் இருந்தது. ராப் மற்றவற்றைவிட வேகமாகச் சரிந்தது. அதன் ரசிகர்கள் இளைஞர்கள். கணினியில் இலவசமாகப் பாட்டு இறக்கக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறை. நகரத்துப் பிள்ளைகள் கூடிய பெரிய கடைகளும் மூடப்பட்டன. டவர் ரெகார்ட்ஸ் தன் அமெரிக்கக் கடைகளின் கதவை இழுத்துச் சாத்தியது 2006 டிசம்பரில். அதே டிசம்பரில் நாஸ் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘ஹிப் ஹாப் இஸ் டெட்’. ஹிப்-ஹாப் செத்துவிட்டது என்று எழுதியவர் வெளியாள் என்றால் கோபப்பட்டிருப்பார்கள். குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்து, இருபது வயதில் ‘இல்மாட்டிக்’ தந்த நாஸ் சொன்னபோது பதில் சொல்லத் திணறினார்கள். அட்லான்டா கலைஞர்கள் சிலர் தங்களைத்தான் குறிவைக்கிறார் என்று சண்டைக்கே வந்தார்கள்.

2007 இந்த வரலாற்றின் மிகக் கசப்பான வருடங்களில் ஒன்று. ஜனவரியில் அட்லான்டாவில் டி.ஜே. டிராமாவின் ஸ்டுடியோவுக்குள் துப்பாக்கியோடு போலீஸ் புகுந்தது. கம்பெனிகளுக்கு வெளியே சுற்றில் விடும் பாட்டுத் தொகுப்புகளான மிக்ஸ்டேப் சி.டி.க்கள் எண்பதாயிரத்துக்கும் மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். மாஃபியா கும்பல்களைப் பிடிக்க எழுதப்பட்ட சட்ட வகையான ‘ரீகோ’வின்கீழ் அவர்மீது வழக்குப் போட்டார்கள். சோதனைக்குத் துணைநின்றது ரெகார்டு கம்பெனிகளின் சங்கம். புதுப் பாடகர்களை அறிமுகப்படுத்த இதே டிராமாவின் மிக்ஸ்டேப்பைத் தேடிப்போனவர்களும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களான கம்பெனிகள்தான். தன்னைத் தெருவில் வளர்த்தெடுத்த கையை இந்தத் தொழில் முறித்தது இப்படித்தான். அந்தச் சோதனையை நான் மன்னிக்கமுடியாத ஒன்றாகவே கருதுகிறேன்.

ஏப்ரலில் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை இனவெறியோடு இழிவாகப் பேசி வேலையை இழந்தார். அப்படிப்பட்ட சொற்கள் ராப்பிலும் இருக்கின்றனவே என்று பழி சுற்றிச் சுற்றி ராப் பாடல்வரிகளின் மேல் வந்து விழுந்தது. செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதற்காக விசாரணையே நடத்தியது. பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் ராப்பில் இருந்தன. அதை மூடிமறைப்பது இந்தத் தொடரின் வேலை இல்லை. அந்த வரிகளை எதிர்த்துக் கறுப்பினப் பெண்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவந்தார்கள். அப்போது எந்தக் குழுவும் கூடவில்லை.

அதே செப்டம்பர் 11ஆம் தேதி கான்யே வெஸ்டும் 50 சென்டும் ஒரே நாளில் ஆல்பம் வெளியிட்டார்கள். தோற்றால் தனி ஆல்பம் போடுவதை நிறுத்திவிடுவேன் என்று 50 சென்ட் சவால் விட்டார். முதல் வார விற்பனையில் கான்யே 9 லட்சத்து 57 ஆயிரம். 50 சென்ட் 6 லட்சத்து 91 ஆயிரம். சி.டி. கடை வாசலில் வரிசை நிற்கவைத்த போட்டிகளில் அது கடைசிப் பெரும் போட்டி. சொன்ன சொல்லை 50 சென்ட் காப்பாற்றவில்லை. ஆனால் குண்டுக் காயங்களோடு தெருவிலிருந்து எழுந்துவந்தவன் என்ற பிம்பத்துக்கு இருந்த சந்தை அன்றோடு சுருங்கத் தொடங்கியது.

அந்த வருடம் பாட்டிலிருந்து காசு கொட்டிய இடம் கைபேசியின் மணியோசை. ஐடியூன்ஸில் முழுப் பாட்டு 99 சென்ட்; அதே பாட்டின் அரை நிமிட ரிங்டோனுக்கு அதைவிட அதிகம் கொடுத்தார்கள். பதினேழு வயது சோல்ஜா பாய் கணினியில் தானே செய்து இணையத்தில் போட்ட ‘கிராங்க் தட்’ ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹிப்-ஹாப்பைக் கொன்றவன் இவன்தான் என்று மூத்தவர்கள் அவனைத் திட்டினார்கள். நான் அந்தப் பையன் பக்கம். கடைகள் மூடிக்கொண்டிருந்தன, கம்பெனிகள் மிக்ஸ்டேப்பைப் பறிமுதல் செய்யவைத்துக்கொண்டிருந்தன. அவன் யாரையும் கேட்காமல் தன் கதவைத் தானே செய்துகொண்டான். பிராங்க்ஸில் 1973இல் ஹிப்-ஹாப்பைத் தொடங்கிவைத்த கூல் ஹெர்க் செய்ததும் அதுதான்.

சரிவிலிருந்து எழுந்த விதம் இன்னும் வியப்பானது. நியூ ஆர்லியன்ஸின் லில் வெய்ன் 2007 முழுக்க மிக்ஸ்டேப்புகளை இலவசமாக வாரி இறைத்தார். இவ்வளவையும் சும்மா கொடுத்தால் எவன் காசு கொடுத்து வாங்குவான் என்றார்கள். 2008 ஜூனில் அவருடைய ‘தா கார்ட்டர் III’ முதல் வாரத்திலேயே பத்து லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டில் நமக்கு நெருக்கமான ஒரு குரலும் இந்தப் பட்டியலுக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஹாட் 100இல் நான்காம் இடம்வரை வந்தது. அதன் ஒரு துண்டின்மேல் ஜே-ஸி, கான்யே, லில் வெய்ன், டி.ஐ. ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரு பாட்டைக் கட்டினார்கள். 2009 பிப்ரவரியில், வன்னியில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தபோது, நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் அந்த நால்வரோடு நின்றார். அந்தக் காட்சியைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதவேண்டும், எழுதுவேன்.

பிறகு வந்த பத்தாண்டு ராப்பின் பொற்காலம் என்று கணக்குகள் சொல்லும். 2014 டிசம்பரில் தராசு மறுபடி மாறியது. ஓர் ஆல்பத்தின் பாட்டுகளை இணையத்தில் 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கிடத் தொடங்கினார்கள். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டிருந்த இளைஞர்களின் இசை ராப், எண்ணிக்கை எகிறியது. 2017 ஜனவரியில் அட்லான்டாவுக்கு அருகேயிருந்து வந்த மிகோஸ் மூவர் முதலிடத்துக்கு வந்தார்கள். அந்த வருடமே ஆர்&பி-ஹிப்-ஹாப் பிரிவு ராக்கை முந்தி, அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசையாயிற்று. 2018இல் டிரேக்கின் 25 பாட்டு ஆல்பம் வந்த வாரம், முதல் பத்தில் ஏழு இடம் அவருடையது. கேட்ட எண்ணிக்கைக்கே காசு என்பதால் ஆல்பங்கள் இழுத்து நீட்டப்பட்டன. அந்த நீளத்தில் நல்ல பாட்டுகள் மூழ்கிப்போனதையும் சொல்லவேண்டும். அதே வருடம் பில்போர்டு இன்னொரு திருத்தம் செய்தது: சந்தா கட்டிக் கேட்பதற்கு அதிக மதிப்பு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பதற்குக் குறைந்த மதிப்பு. சந்தா கட்ட வசதியில்லாத பையன் கேட்ட பாட்டு அன்றிலிருந்து எடை குறைந்தது.

2020இல் சந்தையில் ஏறக்குறைய 30 சதவீதம் இருந்த ஆர்&பி-ஹிப்-ஹாப்பின் பங்கு 2025இல் 24 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இறக்கம் முதலில் எல்லார் கண்ணிலும் பட்டது 2023இல்; ஹிப்-ஹாப்பின் ஐம்பதாம் பிறந்தநாள் கொண்டாடப்பட்ட அதே வருடம். பாதி வருடம் போயும் ஒரு ராப் ஆல்பம்கூட முதலிடத்துக்கு வரவில்லை. ஜூலையில் லில் உசி வெர்ட்டின் ஆல்பம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. பாட்டுப் பட்டியலில் ஒரு ராப் பாட்டு முதலிடம் பெற, டோஜா கேட் வரும் செப்டம்பர்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆகஸ்டில் ஹாட் 100இன் முதல் மூன்று இடங்களும் கன்ட்ரி பாட்டுகள். அந்தப் பட்டியலின் வரலாற்றில் அதுவரை நடக்காதது. 1991இல் கூடப் பிறந்த சகோதரன் வீட்டின் முன்னறையை எடுத்துக்கொண்டான்.

எடுத்துக்கொண்டபோது ராப்பின் சாமான்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான். 2024இல் 19 வாரம் முதலிடத்தில் இருந்த ஷபூஸியின் கன்ட்ரிப் பாட்டு ‘எ பார் சாங்’, 2004இல் ஜே-க்வான் என்ற ராப்பர் பாடிய ‘டிப்ஸி’யை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தது. ராப்பராகத் தொடங்கிய போஸ்ட் மலோன் அதே வருடம் முழுக் கன்ட்ரி ஆல்பம் போட்டு முதலிடம் பெற்றார். நாஷ்வில்லில் ராப் சி.டி.க்களைக் கையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஜெல்லி ரோல் இன்று கன்ட்ரி நட்சத்திரம். 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞன் ‘ஓல்டு டவுன் ரோடு’டன் கன்ட்ரி பட்டியலுக்குள் வந்தபோது, இது கன்ட்ரி இல்லை என்று பில்போர்டு அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியதையும் நான் மறக்கவில்லை.

நடுவே 2024இல் கெண்ட்ரிக் லாமாருக்கும் டிரேக்குக்கும் மூண்ட பாட்டுச் சண்டை உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. கெண்ட்ரிக்கின் ‘நாட் லைக் அஸ்’ முதலிடம், ஐந்து கிராமி விருதுகள், 2025 பிப்ரவரியில் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த, அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளை நிகழ்ச்சி. அவரும் ஸீஸாவும் பாடிய ‘லூதர்’ 13 வாரம் முதலிடத்தில் நின்றது. அந்த பிப்ரவரி முடிந்து எட்டு மாதத்தில் நாற்பதும் காலி.

காரணம் கேட்டால் பில்போர்டின் புதிய விதியைக் காட்டுவார்கள். பட்டியலில் 26 வாரம் இருந்துவிட்டு 25ஆம் இடத்துக்குக் கீழே இறங்கும் பாட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்ற விதி அந்த வாரம்தான் நடைமுறைக்கு வந்தது. ‘லூதர்’ அதில்தான் வெளியேறியது. முந்தைய வாரம் டெய்லர் ஸ்விஃப்டின் புது ஆல்பத்தின் 12 பாட்டுகளும் முதல் 12 இடங்களை அடைத்திருந்தன. இரண்டும் உண்மை. ஆனால் பழைய பாட்டு ஒன்று வெளியேறியவுடன் அதன் இடத்துக்கு வர வேறு ராப் பாட்டு ஏன் இல்லை? வளர்ந்துவரும் நட்சத்திரங்கள் எங்கே போனார்கள்?

சிலர் சிறையில் இருந்தார்கள். 2007இல் டி.ஜே. டிராமாமீது பாய்ந்த அதே ஜார்ஜியா மாநில ரீகோ சட்டத்தில் 2022 மே மாதம் ராப்பர் யங் தக் கைதானார். அவருடைய பாட்டு வரிகளையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தார்கள். அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே நீண்ட வழக்கு அது. அவர் வெளியே வந்தது 2024 அக்டோபர் 31 அன்று.

சிலர் செத்துப்போனார்கள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியோன், 2018 ஜூன், ஃபுளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 20. ஜூஸ் வேர்ல்டு, 2019 டிசம்பர், சிகாகோ விமான நிலையத்தில், வலிமருந்தின் அளவு மீறி, வயது 21. பாப் ஸ்மோக், 2020 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சலஸில் தங்கியிருந்த வாடகை வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுட்டார்கள், வயது 20. கிங் வான், அதே வருடம் நவம்பர், அட்லான்டாவில், 26. மிகோஸ் மூவரில் இளையவரான டேக்காஃப், 2022 நவம்பர் 1, ஹூஸ்டனில், 28.

1990 பிப்ரவரியின் அந்த வெற்று வாரத்தில், வாசலில் நின்ற பிஸ் மார்க்கிக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். குயின்ஸில் நாஸுக்கு வயது 16. புரூக்ளினில் பிகிக்கு 17. டெட்ராய்ட்டில் எமினெமுக்கு 17. கலிஃபோர்னியாவில் டுபாக்குக்கும் ஸ்னூப்புக்கும் 18. நியூ ஜெர்சியில் லாரின் ஹில்லுக்கு 14. இவர்களில் டுபாக்கும் பிகியும் பின்னால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரத்தில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். நாற்பது இடங்கள் காலியாக இருந்த வாரத்தில் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கான ராப் முழுவதும் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் வளர்ந்துகொண்டிருந்தது.

2025 அக்டோபரில் ஜூஸ் வேர்ல்டு இருந்திருந்தால் 26 வயது. பாப் ஸ்மோக்குக்கும் 26. எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியோனுக்கு 27. எமினெம் ஒரே வாரத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் விற்றபோது அவருக்கு 27 வயது. 50 சென்ட் 8 லட்சத்து 72 ஆயிரம் விற்றபோது அவருக்கும் 27.

எமினெமின் அந்த ஆல்பம் வந்த அதே 2000 மே மாதம், குயின்ஸில் பாட்டி வீட்டு வாசலில் 50 சென்டின் உடம்பில் ஒன்பது குண்டுகள் பாய்ந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து பாப் ஸ்மோக் கொல்லப்பட்டபோது, அந்தப் பையன் பாதியில் விட்டுப்போன பாட்டுகளை முடித்து ஆல்பமாகக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் அவர்தான். 2020 ஜூலையில் அது முதலிடத்தில் இறங்கியது.

(தொடரும்)